பழைய தேதிக்காரர்கள்

எங்கள் ஊர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பழைய முத்திரைத்தாளுக்குத் தனி விலை இருந்தது. அன்றைய தேதியில் வாங்கினால் தாளில் அச்சடித்த விலை. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி வேண்டுமென்றால் மேலே கொஞ்சம். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று பின்னால் போகப்போக விலையும் ஏறும். பழைய அரிசிக்கு விலை கூடுதல் என்பதுபோல, அதையும் ஊரில் யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

என் தாய்மாமா பத்திர எழுத்தர். கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே ஒரு சிறிய ஊர். அப்போது எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. ஆபீஸுக்கு எதிரே ஓட்டு வீட்டுத் திண்ணைதான் கடை. ஒரு சாய்வு மேஜை, மைக்கூடு, ரப்பர் முத்திரைகள், சுவரில் பஞ்சாங்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிப் படிப்பு முடிந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை அம்மா அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாள். நகல் எழுதுவது என் வேலை. எழுத்து திருந்திய பிறகு கிரயம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று ஒவ்வொன்றாக எழுதக் கொடுத்தார்.

முத்திரைத்தாளின் முன்பக்கம் சர்க்காருடையது, பின்பக்கம்தான் மனிதர்களுடையது. வெண்டார் அங்கேதான் வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர், ஊர், தன் கையெழுத்து, லைசென்ஸ் எண் எல்லாம் எழுதுவார். அதே விவரம் அவருடைய ரிஜிஸ்டரிலும் ஏறும். பின்பக்கத்துத் தேதிக்கு முன்னால் அந்தப் பத்திரம் பிறந்திருக்க முடியாது. ஆகவே பழைய தேதி வேண்டுமென்றால் தாளும் பழையதாக வேண்டும். சில வெண்டார்கள் ரிஜிஸ்டரில் ஆங்காங்கே இரண்டு வரி காலியாக விட்டுவைப்பார்கள். விட்ட வரியில் பிற்பாடு யார் பெயர் ஏறும் என்று விடும்போது அவர்களுக்கே தெரியாது. அது ஒரு முதலீடு.

இன்னொரு வகையும் உண்டு. நிஜமாகவே வாங்கி, எழுதாமல் வீட்டுப் பெட்டியில் கிடந்த தாள். முத்திரைச் சட்டம் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் போனால் தாள் செல்லாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. 2008இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்த விற்பனை ஒப்பந்தத்தின் தேதி 1980. எழுதியிருந்த இரண்டு தாள்களில் ஒன்று 1973இலும் மற்றது 1978இலும் வாங்கியவை. தாளுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் பழைய தாளில் எழுதியிருப்பதைச் சந்தேகத்துக்கான ஒரு காரணமாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு சொன்னது. மாமா இதைத் தீர்ப்பு வருவதற்குப் பல வருஷம் முன்பே சொல்லிவந்தார். "தாள் கெட்டுப்போகாதுடா. ஆனா நாறும்."

பழைய தேதி எதற்கு வேண்டும்? ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. மாமாவின் அப்பா காலத்தில் நில உச்சவரம்பு. 1961ஆம் வருஷச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. கணக்கு தொடங்குகிற நாள் 1960 ஏப்ரல் 6. பிறகு 1970இல் அது பதினைந்தாகக் குறைந்தது; அதற்குத் தொடக்க நாள் 1970 பிப்ரவரி 15. இந்த இரண்டு தேதிகளையும் காவிரிப் படுகையின் மிராசுதார்கள் தங்கள் பிள்ளைகளின் ஜாதகத்தைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தார்கள். நில ஒப்பந்தங்களும் கோயிலுக்கும் கொழுந்தியாளுக்கும் கொடுத்த தானங்களும் அந்தத் தேதிகளுக்குக் கொஞ்சம் முன்னால் நெரிசலாக நிற்கும். அத்தனையும் கள்ளம் என்று சொல்ல மாட்டேன். சட்டம் வருகிறது என்று மோப்பம் பிடித்து முறையாகவே எழுதிக்கொண்டவர்களும் உண்டு. வரிசையில் கடைசியாக வந்து முன்னால் நுழைந்தவர்கள்தான் பழைய தாளைத் தேடியவர்கள்.

பதிவுச் சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோகலாம். பதிவாகிவிட்டால், பதிவான நாளிலிருந்து இல்லை, எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே அது செல்லும். 47ஆம் பிரிவு அப்படி. இதை வைத்து ஒருவர் இன்று எனக்கு நிலத்தை விற்றுப் பதிவும் செய்துகொடுத்துவிட்டு, அடுத்த வாரம் தன் மச்சானுக்கு அதே நிலத்தைப் போன மாதத் தேதியில் எழுதிக் கொடுக்கலாம். நான் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. இப்போதோ மச்சானுடைய பத்திரம் முந்தியது. தேதி பொய் என்று நிரூபிக்க வேண்டியது என் தலையெழுத்து. பணம் கொடுத்து நிலம் வாங்கிய ஒரு அரிசி மண்டிக்காரர் இப்படி மாட்டிக்கொண்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மிக அடிமட்டத்தில் இருந்தது புரோநோட்டு. அதற்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம், ரெவின்யூ ஸ்டாம்ப் போதும். மூன்று வருஷம் கடந்தால் வழக்குப் போட முடியாது. நடுவில் ஒரு தொகை வரவு வைத்து, கடன்காரர் நோட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருஷம். அந்த வரவும் முதல் மூன்று வருஷம் முடிவதற்குள் விழுந்திருக்க வேண்டும். வட்டிக்கு விடுகிறவர்கள் மூன்று வருஷம் தூங்கிவிட்டு, திடுக்கென்று எழுந்து, "நூறு ரூபா வரவு வெச்சதா ஒரு கையெழுத்துப் போடுய்யா, ரெண்டு மாசம் முந்திய தேதி போட்டுக்கறேன்" என்று கடன்காரரிடமே வந்து கேட்பார்கள். இவரும் அடுத்த கடனுக்கு அவரிடமே போகவேண்டுமே என்று போட்டுக்கொடுப்பார்.

உயிலில் மட்டும் கணக்கு தலைகீழ். கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும் என்பதால் அங்கே எல்லோருக்கும் பிந்திய தேதிதான் வேண்டும்.

மாமா பொய்த் தேதியைத் தன் கையால் எழுத மாட்டார். ஆனால் கேட்டு வந்தவரைக் கண்டிக்கவும் மாட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, "அதுக்கு ஆள் இருக்கு" என்று நாலாவது திண்ணையைக் காட்டுவார். இதை ஊரில் அவருடைய நேர்மை என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது, தேதியைப் பின்னால் கொண்டுபோவதற்கு யோக்கியமான வழியும் உண்டு என்பது. ஒருவர் சித்திரையிலேயே குத்தகைக்கு நிலத்தை எடுத்து உழுதுகொண்டிருப்பார். ஆடியில்தான் எழுத்துக்கு வருவார். சித்திரைத் தேதியைப் போட்டுவிடுங்கள் என்பார். மாமா ஆடித் தேதியைப் போடுவார். உள்ளே, இந்தக் குத்தகை சித்திரை முதல் அனுபவத்தில் இருந்துவருகிறது, அன்று முதலே கட்டுப்படுத்தும் என்று எழுதுவார். "எப்ப எழுதினோம்ங்கிறது ஒரு தேதி. எப்பலேர்ந்து செல்லும்ங்கிறது ஒரு தேதி. ரெண்டையும் சொல்லிட்டா எவனும் கேக்க முடியாது."

கள்ளத் தேதியைக் கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். பழைய பத்திரங்களில் இங்கிலீஷ் தேதியோடு தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை எல்லாம் இருக்கும். பழைய தேதி போடுகிறவர்கள் சித்திரையில் வருஷம் மாறுவதை மறந்துவிடுவார்கள். 1988 பிப்ரவரி என்றால் பிரபவ. அதே 1988 ஜூன் என்றால் விபவ. ஞாயிற்றுக்கிழமை முத்திரைத்தாள் வாங்கியதாக ஒரு பத்திரம் வந்தது. 1969ஆம் வருஷத்து ஒப்பந்தத்தில் சாட்சியின் முகவரிக்கு அடியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தது. பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல்தான் வந்தது. எழுத்தைக்கூடப் பார்ப்பார். துதிக்கை போட்ட பழைய லை, னை எழுத்துகளை 1978இல் அரசு மாற்றியது. 1965இல் எழுதியதாகச் சொல்லும் காகிதத்தில் ஒரு இளவயதுக் கை புது லை போட்டிருந்தால் மாமா ஒன்றும் சொல்லாமல் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டுவார்.

அதே திண்ணையின் மறுகோடியில் இன்ஷூரன்ஸ் சார் உட்கார்ந்திருப்பார். எல்.ஐ.சி. ஏஜெண்டு. மாமாவின் சிநேகிதர், வாடகை கிடையாது. அவருடைய வாயில்தான் "பேக் டேட்டிங்" என்ற சொல்லை முதலில் கேட்டேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சத்தமாகவா?

அவர் சிரித்தார். ஆயுள் காப்பீட்டில் அது விதிப்படியே நடக்கிற காரியம். வயதைக் கிட்டத்தில் இருக்கும் பிறந்தநாளை வைத்துக் கணக்கிடுவார்கள். முப்பது முடிந்து ஐந்து மாதம் ஆனவருக்கு வயது முப்பது. ஏழு மாதம் ஆனவருக்கு முப்பத்தொன்று. ஒரு வயது கூடினால் பிரீமியம் கூடும், அது பாலிசி முடிகிறவரை ஒவ்வொரு வருஷமும் கூடுதலாகவே போகும். எனவே பாலிசியின் தொடக்கத் தேதியை இரண்டு மூன்று மாதம் பின்னால் தள்ளி, முப்பது வயதுக்காரராகவே சேர்ந்துகொள்ளலாம். இரண்டு நிபந்தனைகள். நடப்பு நிதியாண்டுக்கு முன்னால் போகக் கூடாது. ஏப்ரல் 1தான் எல்லை. பின்னால் போன மாதங்களுக்கு வட்டி கட்ட வேண்டும். வட்டியையும், வருஷா வருஷம் மிச்சமாகும் பிரீமியத்தையும் சார் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் கூட்டிக் கழித்துக் காட்டுவார். சிலருக்கு லாபம், சிலருக்கு வட்டியே தின்றுவிடும். ஜீவன் போன பிறகு வருகிற பணத்தைப் பற்றி ஆர்வமில்லாதவர்கள்கூட இந்தக் கணக்கைக் கவனமாகக் கேட்பார்கள்.

மார்ச்சு மாதத்தில் சாரைப் பிடிக்க முடியாது. வருமானவரிக்காகக் கடைசி வாரத்தில் பாலிசி எடுக்க ஓடிவரும் வாத்தியார்கள், பாங்கிக்காரர்கள், ஏஜெண்டுகளுக்கான கிளப் அந்தஸ்துக்கு இன்னும் சில உயிர்கள் குறைகின்றன என்ற அவருடைய சொந்தக் கவலை வேறு. 'உயிர்' என்றுதான் அவர்கள் கணக்குப் பண்ணுவார்கள்: "இந்த வருஷம் எத்தனை லைஃப் முடிச்சீங்க?"

பின்னால் போன மாதங்களுக்கு வட்டி கட்டியாயிற்றே, அந்த மாதங்களுக்குக் காப்பு உண்டா? கிடையாது. செத்தவர் யாரும் பின்னால் போய்ப் பாலிசி எடுக்கப் போவதில்லை என்பதால் இது வேடிக்கையான கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் இதே கேள்வி வேறு உருவத்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரில் எடுத்த பாலிசி. தொடக்கத் தேதியைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். பாலிசித் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தற்கொலை முதலிய சில வகை மரணம் நேர்ந்தால் கட்டிய பிரீமியம் மட்டுமே திரும்பும் என்று ஒரு ஷரத்து. தள்ளிவைத்த தேதியிலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டு கடந்திருந்தது, பாலிசி வழங்கிய நாளிலிருந்து எண்ணினால் கடக்கவில்லை. வழங்கிய நாள்தான் கணக்கு என்று 1998இல் தீர்ப்பாயிற்று. பழைய தேதி பிரீமியத்தைக் குறைக்கும், வேறெதற்கும் உதவாது. இன்று பாலிசிப் பத்திரத்தில் தொடக்கத் தேதியும் இடர் தொடங்கும் தேதியும் தனித்தனியாக அச்சாகின்றன. 2015இல் திருத்திய காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பாலிசியைக் கேள்வி கேட்பதற்கான மூன்று ஆண்டை எண்ணும்போது, வழங்கிய தேதி, இடர் தொடங்கிய தேதி, புதுப்பித்த தேதி என்று அடுக்கி, இவற்றில் எது பிந்தியதோ அது என்கிறது.

மாமாவும் சாரும் வேறு வேறு தொழிலில் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஆடியில் எழுதிய சித்திரைக் குத்தகை, வட்டி கட்டித் தள்ளிய பாலிசி, இரண்டிலும் தேதி பின்னால் போகிறது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தே போகிறது. நாலாவது திண்ணையில் நடந்தது வேறு. அங்கே கையெழுத்துப் போடுகிற எல்லோரும் இருப்பார்கள், டீயும் சாப்பிடுவார்கள். அந்தத் தேதியால் சொத்தை இழக்கப்போகிறவர் மட்டும் இருக்க மாட்டார்.

இந்த என் சித்தாந்தத்துக்கு ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டரிலிருந்து ஒரு கூலிக்காரர் விழுந்து சக்கரத்தில் மாட்டி இறந்துபோனார். டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் காலாவதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. முதலாளி மோட்டார் இன்ஷூரன்ஸ் செய்கிற இன்னொரு ஏஜெண்டைத் தேடி ஓடினார். அந்தக் காலத்தில் கவர் நோட்டு கையால் எழுதுகிற புத்தகம். ஒரு நாள் முந்திய தேதி போட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்பது முதலாளியின் வாதம். ஏஜெண்டு மறுத்துவிட்டார். அவருக்குத் தர்மத்தைவிடப் பயம் அதிகம்: கவர் நோட்டில் வரிசை எண் இருக்கிறது, பணம் கட்டிய ரசீதில் தேதி இருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வருவதற்கு முன் கம்பெனி இடரை ஏற்கக் கூடாது.

மோட்டார் வழக்குகளில் தேதியோடு மணியும் முக்கியம். வெறும் தேதி மட்டும் போட்ட பாலிசி அந்த நாளின் நள்ளிரவிலிருந்தே செல்லும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலையில் விபத்து, மாலையில் பாலிசி என்றாலும் கம்பெனி கொடுக்க வேண்டிவரும். கம்பெனிகள் சும்மா இருக்குமா? மணியையும் எழுதத் தொடங்கின. 1991 டிசம்பர் 10ஆம் தேதி நடந்த ஒரு விபத்தின் வழக்கு இதற்குப் பேர்போனது. விபத்து பிற்பகல் 2.20க்கு, கவர் நோட்டு எழுதிய நேரம் 2.55. மணி போட்டிருந்ததால் கம்பெனி தப்பியது.

முப்பத்தைந்து நிமிஷம். எங்கள் ஊர் விஷயத்தில் ஒரு நாள். அந்த ஏஜெண்டு எழுதிக் கொடுத்திருந்தால் கூலிக்காரரின் மனைவிக்குக் கம்பெனியிலிருந்து நஷ்டஈடு வந்திருக்கும். எழுதாததால் டிராக்டர்காரரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று ஆனது. அவரோ நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டார். அதுவும் பழைய தேதியில்தான் என்று பேச்சு. அந்த அம்மாள் கையில் ஒன்றும் வந்து சேரவில்லை. பொய்த் தேதியில் திண்ணைக்கு வெளியே நிற்கிறவர்தான் ஏமாறுகிறவர் என்று சொன்னேனே, இங்கே வெளியே நின்ற அம்மாளுக்கு அந்தப் பொய் சோறு போட்டிருக்கும். ஏஜெண்டு செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

பிற்காலத்தில் படித்த ஒரு சங்கதி இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து எம்.ஜி.எம். கிராண்டு ஓட்டலில் 1980 நவம்பர் 21இல் தீப்பிடித்து 85 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஓட்டல் நிர்வாகம், நவம்பர் 1 முதல் செல்லும்படி மேலும் 17 கோடி டாலருக்கு இன்ஷூரன்ஸ் வாங்கியது. தீப்பிடித்தது ஊருக்கே தெரியும், கம்பெனிகளுக்கும் தெரியும். வழக்குகள் முடியப் பல வருஷம் ஆகும், அதுவரை பிரீமியத்தை முதலீடு செய்து சம்பாதிக்கலாம் என்று அவை கணக்குப் போட்டன. ஓட்டலோ சீக்கிரமாகச் சமாதானம் பேசி நஷ்டஈட்டைக் கொடுத்து முடிக்க, கம்பெனிகள் பணம் தர மறுத்துக் கோர்ட்டுக்குப் போயின. நடந்து முடிந்த தீக்கு இன்ஷூரன்ஸ். இன்ஷூரன்ஸ் சார் உயிரோடு இருந்திருந்தால் சிகரெட் அட்டை தேடியிருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மாமாவின் திண்ணையை விட்டு வக்கீல் குமாஸ்தாவாகப் போனேன். போவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்தது இது.

1989 மார்ச்சு 25 என்ற தேதியைத் தமிழ்நாட்டில் பத்திரத் தொழிலில் இருந்த யாரும் மறக்க முடியாது. அன்று முதல், கல்யாணமாகாத பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிறப்புரிமை என்று மாநில அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அன்றைக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்ணுக்குக் கிடையாது. அன்றைக்கு முன்பே பாகம் பிரிந்திருந்தாலும் கிடையாது. இந்த இரண்டு விதிவிலக்குகளும் நாலாவது திண்ணைக்குப் பல வருஷத்துக்கு வேலை கொடுத்தன. தங்கைக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது என்று காட்ட, அழைப்பிதழையே பழைய தேதியில் அச்சடித்த ஒரு குடும்பத்தைப் பற்றி என் சீனியர் சொல்லிச் சிரிப்பார். ஜனவரி முதல் வாரத்தில் முகூர்த்தம் வைத்திருந்தார்களாம். இங்கிலீஷ் மாதத்தில் யோசித்ததில் மார்கழி என்பது மறந்துபோயிற்று.

எங்கள் கடைக்கு வந்தவர்கள் அப்பாவும் இரண்டு மகன்களும். அம்மா இல்லை. மகள் ஆரம்பப் பள்ளி டீச்சர், கல்யாணம் ஆகவில்லை, அப்பாவுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு அதே வீட்டில் இருந்தவர். 1989 மார்ச்சுக்கு முந்திய தேதியில் பாகப்பிரிவினை வேண்டும் என்றான் பெரியவன். பதிவில்லாத பாகப்பிரிவினைப் பத்திரம் கோர்ட்டில் நிற்காது என்று மாமா சொன்னார். அவர்கள் அதையும் விசாரித்து வைத்திருந்தார்கள். முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம், இது ஞாபகத்துக்காக எழுதிவைக்கும் பட்டியல் என்று எழுதினால் பதிவு வேண்டாமே. மாமா கண்ணாடியை இறக்கினார். அப்பாதான் கடைசியாகத் திண்ணையை விட்டு இறங்கினார். மகன்கள் முன்னால் போய்விட்டார்கள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்பா இறந்த பிறகு டீச்சரம்மா பங்கு கேட்டார். தம்பிகள் பட்டியலை நீட்டினார்கள். 1989 பிப்ரவரித் தேதி, அப்பாவின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். அவர் வழக்குப் போட வந்த இடம் என் சீனியரின் அறை. கட்டைப் பிரித்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதை சீனியரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "நீ சாட்சி சொன்னா உன் மாமாவையும் கூண்டுல ஏத்தணும். எதிராளி வக்கீல் எங்க குமாஸ்தா கதை கட்டுறான்னுவான். இரு, காயிதமே பேசுதான்னு பாப்போம்" என்றார்.

காகிதம் பேசியது. நகலை நான் எழுதும்போது என் கண்ணில்தான் முதலில் பட்டது: இரண்டாவது சாட்சியின் முகவரி, நாகை காயிதே மில்லத் மாவட்டம். தஞ்சாவூரைப் பிரித்து அந்த மாவட்டத்தை உண்டாக்கியது 1991 அக்டோபரில். எழுதியவர் கைப்பழக்கத்தில் அன்றைய ஜில்லாவைப் போட்டுவிட்டார்.

சப் கோர்ட்டில் பட்டியல் எழுதியவரைக் கூண்டில் ஏற்றியபோது சீனியர் அவசரப்படவில்லை. எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்றார். அதில் உள்ள தேதியில்தான் என்றார் அவர். ஒரே மூச்சிலா, பிறகு ஏதாவது சேர்த்தீர்களா? ஒரே மூச்சில்தான், ஒன்றும் சேர்க்கவில்லை. சாட்சிகள் அப்போதே கையெழுத்துப் போட்டார்களா? போட்டார்கள். "சரி, ரெண்டாவது சாட்சி விலாசத்தைக் கொஞ்சம் வாசிங்க." அவர் வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் அவருக்குப் புரியவில்லை. நீதிபதிக்குப் புரிந்துவிட்டது, பேனாவை எடுத்தார்.

டீச்சரம்மாவுக்கு அவருடைய கால் பங்கும், இறந்துபோன அப்பாவின் கால் பங்கில் மூன்றில் ஒன்றும், ஆக மொத்தம் மூன்றில் ஒரு பங்கு என்று முதனிலைத் தீர்ப்பாணை ஆயிற்று. அவர் அதைக் கேட்டுவிட்டு, அப்பாவின் கையெழுத்தும் பொய்தானே என்று சீனியரிடம் கேட்டார். கையெழுத்து நிஜம் அம்மா, தேதிதான் பொய் என்றார் சீனியர். அந்த ஒரு சமயம் அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "எழுதறவனுக்கு ஜில்லா பேருகூடவா தெரியாது?"

2005இல் மத்திய அரசு நாடு முழுவதற்குமாகச் சட்டத்தைத் திருத்தியது. செப்டம்பர் 9 முதல் அமல். கல்யாணம் ஆன பெண், ஆகாத பெண் என்ற பேதமும் போயிற்று. 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளைத் தொட மாட்டோம் என்றது. அது மசோதா மாநிலங்களவைக்கு வந்த நாள். மசோதாவைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுதிக்கொள்கிறவர்களுக்கு அதனால் அந்த ஒன்பது மாத இடைவெளி கிடைக்காமல் போயிற்று. பாகப்பிரிவினை என்றால் பதிவான பத்திரம் அல்லது கோர்ட்டுத் தீர்ப்பாணை என்று அதே பிரிவில் விளக்கமும் எழுதிவைத்தார்கள். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற பேச்சைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது, பொது ஆவணங்கள் ஆதரித்தால் ஒழிய, என்று 2020 ஆகஸ்டு 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

2005இல் அந்தச் சட்டம் வந்தபோது மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. திண்ணைக் கடையை மூடி வெகு காலம். நான் பிரிவை வாசித்துக் காட்டினேன். விளக்கத்தை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்.

"நம்ம வாசல்ல உக்காந்து பாத்தவன் எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

இனிமேல் யாரும் பழைய தேதி கேட்டு வர முடியாது என்றேன்.

"நேத்து வந்தான்" என்றார் மாமா. "டிசம்பருக்கு முந்தி பதிவான மாதிரி ஏதாச்சும் வழி உண்டான்னு."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கையை மட்டும் நாலாவது திண்ணை இருந்த பக்கமாக நீட்டினார். அங்கே இப்போது செல்போன் கடை.